குடல் கேன்சர் ஆபரேஷனில் சிக்கல் வந்தால் ஆயுள் குறையுமா?

"தையல் விட்டுப் போச்சு, அதான் நோய் திரும்ப வந்துட்டு." குடல் கேன்சர் ஆபரேஷன் நடந்த வீடுகளில், தென்காசிப் பக்கமானாலும் திசையன்விளைப் பக்கமானாலும், இந்தப் பேச்சு அடிபடும். அடுத்த வீட்டில் "கத்தி பட்டாலே பரவிரும்லா" என்பார்கள். இன்னொரு வீட்டில் நேர் எதிராக, "அந்தச் சிக்கல்லாம் ஆஸ்பத்திரியிலயே சரியாயிட்டு, இனி அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பார்கள்.

நடுவில் சொன்ன பேச்சு தவறு. மற்ற இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பின் வரும் கடுமையான சிக்கலுக்கும் நோயாளியின் பிந்தைய ஆயுளுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது வீட்டில் பேசிக்கொள்ளும் அளவுக்குப் பெரியதும் இல்லை, அவர்கள் நினைக்கிற வழியில் வருவதும் இல்லை.

வெட்டி இணைப்பது என்றால்

கிணற்று மோட்டாரிலிருந்து தோட்டத்துக்குப் போகும் பிவிசி குழாய் நடுவில் வெடித்துவிட்டால், வெடித்த துண்டை அறுத்து எடுத்துவிட்டு, சாக்கெட் போட்டு, பசை தடவி இணைக்கிறோம். குடல் ஆபரேஷனும் பார்வைக்கு இதுதான். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அதில் கட்டி இருக்கும் பகுதியை இரு பக்கமும் சில சென்டிமீட்டர் நல்ல குடலோடு சேர்த்து வெட்டி எடுத்து, மிச்சமுள்ள இரண்டு முனைகளையும் இணைக்கிறார்கள். கூடவே அந்தப் பகுதிக்கு ரத்தம் கொண்டுவரும் கொழுப்புத் திரையையும் எடுக்கிறார்கள். அதில்தான் நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. இவை நோய்க்கிருமியையும் கேன்சர் செல்லையும் வடிகட்டிப் பிடிக்கும் சிறு முடிச்சுகள். கேன்சர் குடலைத் தாண்டினால் பெரும்பாலும் முதலில் இங்கேதான் வரும்.

குழாயோடு ஒப்பிடுவது இத்தோடு சரி. பசை காய்ந்ததும் குழாய்க்குப் பலம் வந்துவிடும். குடலில் பசை கிடையாது. தையலோ ஸ்டேப்ளர் ஊசியோ இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். ஒட்டவேண்டியது உடம்பு. முதல் மூன்று நான்கு நாட்களில் வெட்டுப்பட்ட ஓரத்திலுள்ள பழைய நார்ப்புரதம் கரைகிறது, புதியது இன்னும் உருவாகவில்லை. அதனால் ஆபரேஷன் அன்று இருந்த பலத்தைவிட மூன்றாம் நான்காம் நாளில் இணைப்பின் பலம் குறைவு. அதற்குப் பிறகுதான் ஏறும். இணைப்பு பிடிக்க வேண்டுமானால் அந்த இடத்துக்கு நல்ல ரத்த ஓட்டம் வேண்டும், ரத்தத்தில் ஆக்சிஜன் வேண்டும், முனைகள் இழுபடாமல் இருக்க வேண்டும், உடம்பில் புரதம் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும், கைதேர்ந்த சர்ஜன் போட்ட தையலும் விடலாம்.

சிக்கல் எல்லாம் ஒரே எடை இல்லை

"ஆபரேஷன்ல சிக்கலாயிட்டு" என்ற ஒரே சொல்லில் தையல் இடத்தில் கொஞ்சம் சீழ் வைத்ததும் அடங்கும், ஐசியூவில் பத்து நாள் கிடந்ததும் அடங்கும். மருத்துவர்கள் இதை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். 2004 முதல் உலகம் முழுக்கப் புழங்கும் இந்தப் பிரிவுக்கு கிளாவியன்-டிண்டோ வகைப்பாடு என்று பெயர். தனி மருந்து தேவைப்படாத சின்னக் கோளாறும், படுக்கையிலேயே திறந்து கழுவிவிடக்கூடிய தையல் சீழும் முதல் படி. ஆன்டிபயாட்டிக், ரத்தம் ஏற்றுதல் போன்றவை தேவைப்பட்டால் இரண்டாவது. மறுபடி ஆபரேஷனோ, ஊசிக்குழாய் விட்டுச் சீழை வடிப்பதோ தேவைப்பட்டால் மூன்றாவது. உறுப்புகள் தளர்ந்து ஐசியூவுக்குப் போனால் நான்காவது. இறப்பு ஐந்தாவது.

முதல் படியில் வருபவை பிந்தைய ஆயுளை அசைப்பதில்லை என்றே சொல்லலாம். தொப்புளுக்குக் கீழே தையலில் நீர் வடிந்ததற்காக யாரும் கலங்க வேண்டாம். கவலைக்குரியவை மூன்றும் நான்கும், அதிலும் தொற்றோடு சேர்ந்து வருபவை. நிமோனியா, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறுவது, குடல் இணைப்பு விடுவது ஆகியவை அந்த வரிசையில் முக்கியமானவை.

இணைப்புக் கசிவு

இணைத்த இடத்தில் இடைவெளி விழுந்து, குடலுக்குள் இருப்பது வயிற்றுக்குள் வருவதுதான் இணைப்புக் கசிவு. ஆஸ்பத்திரியில் 'லீக்' என்பார்கள். பெருங்குடலில் பொதுவாக நூறு பேரில் 3 முதல் 8 பேருக்கு வருகிறது. மலக்குடலில், அதுவும் ஆசனவாய்க்கு அருகே போடும் இணைப்பில், பத்தைத் தாண்டும். இடுப்பெலும்புக்குள் இடம் குறுகல், ரத்த ஓட்டமும் குறைவு. ஆண்களின் இடுப்பு இன்னும் குறுகலானது என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

பெரும்பாலும் ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் தெரியவரும். சிலருக்கு வீட்டுக்குப் போன பிறகும் வரும். முதல் அறிகுறி கடும் வயிற்றுவலியாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வலி மாத்திரையும் முதுகில் போட்ட மருந்தும் வலியை மறைத்துவிடும். பல நேரம் முதலில் மாறுவது நாடித்துடிப்பு: முந்தின நாள் 84 இருந்தது காரணமில்லாமல் 110 ஆகும். காற்றுப் போய்க்கொண்டிருந்தவருக்கு அது நின்று வயிறு உப்பும். வயதானவர் திடீரென்று ஆள் மாறிப் பேசுவார், "ஆச்சிக்கு என்னமோ ஆயிட்டு, என்னையே தெரியல" என்று பேத்தி வந்து சொல்வாள். வயிற்றில் டிரெயின் குழாய் இருந்தால் பையைப் பாருங்கள். இளஞ்சிவப்பாகவோ வைக்கோல் நிறத்திலோ வந்த நீர் கலங்கிப் பழுப்பாகி, மல வாடை அடித்தால் அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்ல வேண்டும், காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது.

மருத்துவர்கள் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்ப்பார்கள். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம் அது. எந்தப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகும் இரண்டாம் நாள் வரை ஏறி, பிறகு இறங்க வேண்டும். மூன்று முதல் ஐந்தாம் நாளில் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேலேயே நின்றால் சந்தேகம் வரும், சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். ஒருநாள் முன்னால் கண்டுபிடிப்பதும் பின்னால் கண்டுபிடிப்பதும் மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் உள்ள வித்தியாசமாகிவிடலாம்.

'பை' பற்றி ஒரு வார்த்தை. தாழ்வான இணைப்பு போட்டவர்களுக்குச் சிறுகுடலை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் தற்காலிகமாக ஒரு பையில் விழும்படி செய்கிறார்கள். இந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். பை வைத்தால் கசிவே வராது என்பதில்லை. வந்தாலும் வயிறு முழுக்க மலம் பரவாது, அவசரமாக மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டிய நிலையும் குறையும். தற்காலிகப் பையை, எல்லாம் சரியாக இருந்தால், சுமார் 8 முதல் 12 வாரத்தில் மூடுவார்கள். கீமோ, அதாவது கேன்சர் செல்லை அழிக்கும் மருந்துச் சிகிச்சை, நடந்துகொண்டிருந்தால் தள்ளிப்போகும்.

இதுவரை சொன்னதன் சாரம்: இணைப்பு பிடிப்பது உடம்பின் வேலை, அது தவறினால் வருவது கசிவு, சிக்கல்களில் ஆயுளோடு தொடர்புள்ளது இதுபோன்ற கடுமையானவைதான்.

'அஞ்சு வருஷம்' என்ற கணக்கு

"டாக்டரு அஞ்சு வருஷம்தான்னு சொல்லிட்டாரு" என்று கலங்கும் குடும்பங்கள் உண்டு. டாக்டர் சொன்னது அதுவல்ல. ஒரே நிலையில் இருந்த நூறு நோயாளிகளில் ஐந்து ஆண்டு கழித்து எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்ற எண்ணுக்கு 'ஐந்தாண்டு உயிர்வாழ்வு' என்று பெயர். அது கூட்டத்தின் கணக்கு, தனி ஆளுக்குக் கொடுத்த தவணை அல்ல. குடல் கேன்சர் திரும்புவதானால் பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்குள் திரும்பிவிடும், அதனால்தான் ஐந்து.

இந்த எண்ணை எல்லாவற்றையும்விட அதிகம் தீர்மானிப்பது ஸ்டேஜ், அதாவது கண்டுபிடித்தபோது நோய் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது. அமெரிக்கப் பதிவேடுகளின்படி, குடல் சுவரோடு நின்றிருந்தால் நூற்றுக்குச் சுமார் 90 பேர், பக்கத்துக் கணுக்களுக்குப் போயிருந்தால் 70-75 பேர், கல்லீரல் நுரையீரல் என்று தூரத்துக்குப் போயிருந்தால் 15 பேர் அளவில் ஐந்தாண்டு கடக்கிறார்கள். இந்த இறக்கத்தின் முன்னால் சிக்கலால் வரும் இறக்கம் சிறியது. தையல் விட்டதற்காக சர்ஜனைக் கோபிக்கிறவர்கள், மலத்தில் ரத்தம் வந்ததை மூலம் என்று எண்ணி எட்டு மாதம் அதற்கு மருந்து போட்டுக் காலம் கடத்தியதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'கத்தி பட்டால் பரவும்' என்ற நம்பிக்கையும் இங்கிருந்து வந்ததுதான். பரவிய பிறகு வந்தவருக்கு வயிற்றைத் திறந்தார்கள், பரவியது அப்போதுதான் தெரிந்தது, பழி கத்திக்குப் போனது.

சிக்கல் வந்தவர்களின் எண் ஏன் குறைகிறது

குறைகிறது என்பதில் சந்தேகமில்லை. 2005-ல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரிகளில் நடந்த எட்டு வகைப் பெரிய ஆபரேஷன்களை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை, எடுத்துப் பார்த்தது. குடல் வெட்டும் ஆபரேஷனும் அதில் ஒன்று. நோயாளி முன்பு எப்படி இருந்தார் என்பதைவிட, முதல் 30 நாளில் சிக்கல் வந்ததா என்பதுதான் பிந்தைய ஆயுளை அதிகம் தீர்மானித்தது என்று அது கண்டது. இந்த மாதிரி முடிவைப் படித்ததும் பயப்படுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பிரிக்க வேண்டும்.

முதலாவது, ஆரம்ப இறப்பு. ஒரு கற்பனைக் கணக்கு: சிக்கல் இல்லாத நூறு பேரில் ஐந்தாண்டு கழித்து 80 பேர் இருக்கிறார்கள், சிக்கல் வந்த நூறு பேரில் 65 பேர். வித்தியாசம் 15. ஆனால் இரண்டாம் கூட்டத்தில் 8 பேர் முதல் 90 நாளிலேயே அந்தச் சிக்கலால் இறந்திருந்தால்? தப்பி வந்த 92 பேரில் 65 என்றால் நூற்றுக்கு 71. வித்தியாசம் 9 ஆகிவிட்டது. உங்கள் வீட்டு நோயாளி அந்த 90 நாளைத் தாண்டியவரானால் அவருக்குப் பொருந்துவது இரண்டாவது கணக்கு.

இரண்டாவது, யாருக்குச் சிக்கல் வருகிறது என்பது. வயதானவர், சர்க்கரைக்காரர், பீடி குடிப்பவர், மெலிந்தவர், குடல் அடைத்து ராத்திரியோடு ராத்திரியாகச் சங்கரன்கோவிலிலிருந்து ஆம்புலன்ஸில் வந்தவர். இவர்களுக்குச் சிக்கலும் அதிகம், சிக்கல் இல்லாமலேயே ஆயுளும் குறைவு. அடைப்போடு வந்த கேன்சர் பெரும்பாலும் முற்றிய கேன்சரும்கூட. வயதையும் ஸ்டேஜையும் சமப்படுத்திக் கணக்குப் போட்டால் அந்த 9 இன்னும் சுருங்கும்.

சுருங்கினாலும் சைபர் ஆவதில்லை. மிச்சம் நிற்பதுதான் மூன்றாவது விஷயம், சிக்கலின் சொந்தப் பங்கு. அதில் பெரியது கீமோ தள்ளிப்போவது. கணுவில் நோய் இருந்தவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமுள்ள செல்களை அழிக்க ஆபரேஷனுக்குப் பின் கீமோ கொடுக்கிறார்கள். 4 முதல் 8 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. 2011-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கில், தொடங்குவது நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 14 சதவீதம் கூடியது. நூற்றில் 30 பேர் இறக்கக்கூடிய இடத்தில் ஏறக்குறைய 33 பேர் என்று புரிந்துகொள்ளலாம். கசிவு வந்து ஒன்றரை மாதம் படுத்தவருக்கு நடப்பது இதுதான். சிலருக்குக் கீமோ தொடங்குவதே இல்லை.

மலக்குடல் ஆபரேஷனில் கசிவு வந்தவர்களுக்கு அதே இடத்தில் நோய் திரும்புவதும் கூடுதலாகக் காணப்படுகிறது. நீண்ட தொற்று, கேன்சர் செல்லைக் கொல்லும் வெள்ளணுக்களைச் சோர வைக்கிறது. அழற்சியில் சுரக்கும் பொருள்கள் செல் வளர உதவுகின்றன. ஆய்வகத்தில் இவை நன்றாகத் தெரிந்தவை, மனித உடம்பில் இவற்றின் பங்கு எவ்வளவு என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது.

ஆக, எண் குறைவதில் ஒரு பங்கு ஆரம்ப இறப்பு, ஒரு பங்கு நோயாளியின் முந்தைய நிலை, மிச்சம்தான் சிக்கல் செய்த வேலை. அந்த மிச்சத்திலும் கீமோ தாமதம் நம்மால் குறைக்கக்கூடியது.

ஆபரேஷனுக்கு முன்

கேன்சர் என்று தெரிந்ததும் "நாளைக்கே எடுத்துருங்க சார்" என்பார்கள். அடைப்போ ஓட்டையோ பெரும் ரத்தப்போக்கோ இல்லையென்றால் இரண்டு முதல் நான்கு வாரம் உடம்பைத் தேற்றுவதில் நஷ்டமில்லை. பீடி, சிகரெட்டைக் குறைந்தது நான்கு வாரம் முன்பு நிறுத்த வேண்டும். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இரண்டும் இணைப்புக்கு எதிரி. வலப்பக்கக் குடலில் கட்டி இருப்பவருக்கு ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் போய் ஹீமோகுளோபின் ஏழு எட்டில் நிற்கும். நேரம் இருந்தால் இரும்புச்சத்தை நரம்பில் ஏற்றுவது நல்லது. அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.

ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இருந்தால் கசிவு அபாயம் கூடும். உடனே "ஆல்புமின் பாட்டில் ரெண்டு போட்டா சரியாயிரும்" என்று பணத்தைக் கொட்ட வேண்டாம். பாட்டிலால் ஏறுவது ரிப்போர்ட்டிலுள்ள எண். தேவை சாப்பாடு: உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் சாளை மீனில் சுமார் 20 கிராம். ஆபரேஷனுக்குப் பின்னும் இதே அளவு வேண்டும். முட்டை, மீன், பருப்பு தின்றால் புண் சீழ் வைக்கும் என்று பத்தியம் போட்டு ரசஞ்சோற்றிலேயே நிறுத்துவது நம் ஊரில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கெடுதல்.

மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியை மூச்சுப் பயிற்சிக்குக் கொடுப்பார்கள். வார்டில் பாதிப்பேர் அதை ஊதிக்கொண்டிருப்பார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். குழாயை வாயில் வைத்து மெதுவாக ஆழமாக இழுத்தால் பந்து ஏறும், ஏறிய பந்தை இரண்டு மூன்று விநாடி நிறுத்த வேண்டும். பந்துகளின் மேல் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். ஆபரேஷனுக்கு முன்பே பழகிக்கொண்டால் நிமோனியாவைத் தடுக்க உதவும். மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வதும் இதற்காகத்தான், காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும்தான். "பச்ச ஒடம்பு, எந்திரிக்காதீய" என்று சித்தியும் அத்தையும் அமர்த்துவார்கள். அவர்களை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டு நடக்க வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

காய்ச்சல் 100.4-க்கு மேல், நாடி நூறுக்கு மேல், வாந்தி, வயிறு உப்பல், கூடிக்கொண்டே போகும் வலி: இவற்றில் ஒன்று வந்தாலும் பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி போட்டுச் சமாளிக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். முடியாவிட்டால் 108-ஐ அழைத்து, சர்ஜனும் ஸ்கேனும் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் இரண்டும் உண்டு.

சிறுகுடல் பை வைத்தவர்கள் பையைக் கவிழ்க்கும்போது அளவுக் குவளையில் அளக்கட்டும். நாளுக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடம்பில் உப்பும் நீரும் வற்றி, சிறுநீரகம் தளரும். சித்திரை வெயிலில் இது வேகமாக நடக்கும். வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பது உப்பை இன்னும் வெளியேற்றும். பதநீர், கூல்ட்ரிங்ஸ் போல இனிப்பு மிகுந்தவை போக்கைக் கூட்டும். ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வாய்வாயாகக் குடிப்பதே சரி. அப்படியும் குறையவில்லையென்றால் ஆஸ்பத்திரி.

எடுத்த குடலைப் பரிசோதித்த பயாப்சி ரிப்போர்ட் ஒன்றிரண்டு வாரத்தில் வரும். இதை வாங்க மறப்பதும், பீரோவில் பூட்டி வைப்பதும் கீமோ தாமதத்துக்கு அடிக்கடி காரணமாகின்றன. அதில் எத்தனை கணுக்களைப் பார்த்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் குறைந்தது 12 இருந்தால்தான் இரண்டாவதை நம்பலாம். புண் முழுக்க ஆறட்டும் என்று காத்திருக்காமல், சிக்கல் வந்தவரும் நான்காம் வாரத்திலேயே இந்த ரிப்போர்ட்டோடு கேன்சர் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். எப்போது தொடங்கலாம், மருந்தின் அளவைக் குறைத்தாவது தொடங்கலாமா என்று முடிவெடுப்பது அவர் வேலை. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு.

அதன் பிறகு, நோய் திரும்பினால் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதத்தைப் பார்க்கும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை முதல் இரண்டு ஆண்டு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மார்புக்கும் வயிற்றுக்கும் ஆண்டுதோறும் சி.டி. ஸ்கேன். ஓராண்டு முடிவில் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா குழாய் விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது. சிக்கல் வந்தவருக்கும் வராதவருக்கும் அட்டவணை ஒன்றுதான். திரும்பி வரும் நோயில் பெரும்பகுதி முதல் மூன்று ஆண்டுக்குள் வருகிறது. கல்லீரலில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் வந்திருக்கும்போதே பிடித்துவிட்டால், பலருக்கு அதையும் வெட்டி எடுத்துவிட முடிகிறது.